ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்தாயிற்று, முதல் லாரியை நம்பிக் கொடுப்பது யார்?

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து 23 வயது இளைஞர் ஒருவர் கேட்டிருப்பது இது: கனரக வாகன ஓட்டுநர் உரிமம் கிடைத்து நான்கு மாதங்கள் ஆகின்றன, தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ஏழெட்டு லாரி ஆபீஸ்களில் ஏறி இறங்கியாயிற்று, எல்லா இடத்திலும் "ரெண்டு வருஷம் வண்டி ஓட்டியிருக்கியா" என்று ஒரே கேள்வியைக் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள், வண்டி கொடுத்தால்தானே அனுபவம் வரும், அனுபவம் இருந்தால்தான் வண்டி தருவோம் என்றால் எங்கே தொடங்குவது? ஏஜெண்டு ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் பெரிய கம்பெனியில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார், கொடுக்கலாமா?

பணத்தைக் கொடுக்க வேண்டாம். லாரித் தொழிலில் டிரைவர் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் புலம்பிக்கொண்டிருக்கும் காலம் இது. ஆள் தட்டுப்பாடு உள்ள வேலைக்கு வேலை கேட்பவரிடமே பணம் வாங்குகிறவர், வேலையைத் தவிர வேறு எதையோ விற்கிறார் என்று பொருள். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இப்படிக் கொடுத்துவிட்டு, வெளிமாவட்டத்தில் ஒரு ஷெட்டில் பதினெட்டு நாட்கள் வண்டி கழுவிவிட்டு ஊர் திரும்பினான்.

நான் பதினொரு ஆண்டுகள் லாரி ஓட்டியவன். இப்போது மன்னார்குடியில் இரண்டு வண்டிகள் வைத்திருக்கிறேன். வேலை கேட்டு வாசலில் நின்றதும் உண்டு, கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதும் உண்டு. ஆகவே இரண்டு பக்கத்து நியாயத்தையும் சொல்ல முடியும்.

முதலில் முதலாளி ஏன் மறுக்கிறார் என்பதைப் பார்ப்போம். இன்று ஒரு புதிய பத்துச் சக்கர வண்டி முப்பது லட்சத்துக்கு மேல் போகிறது. பெரும்பாலான சிறு முதலாளிகள் அதை மாதத் தவணையில்தான் ஓட்டுகிறார்கள், அதாவது வண்டி பத்து நாட்கள் பட்டறையில் நின்றால் அந்த மாதத் தவணை அவர் கையிலிருந்து போகும். நீங்களோ டிரைவிங் ஸ்கூல் வண்டியில், அதுவும் காலி வண்டியில், கற்றுக்கொண்டு மைதானத்தில் எட்டுப் போட்டு வந்திருக்கிறீர்கள். காலி வண்டி நிற்கும் தூரம் வேறு, பத்து டன் ஏற்றிய வண்டி நிற்கும் தூரம் வேறு. அந்த வேறுபாட்டைத் தன் வண்டியில் நீங்கள் கற்றுக்கொள்வதை அவர் விரும்பவில்லை, அவ்வளவுதான். "ரெண்டு வருஷம்" என்ற கேள்வியை ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். உன்னைத் தெரிந்தவர் யார், உனக்காகப் பேசக்கூடிய டிரைவர் யார் என்பதைத்தான் அவர் அப்படிக் கேட்கிறார்.

இங்கேதான் பெரும்பாலான புதியவர்கள் தவறான வாசலைத் தட்டுகிறார்கள். சிறு லாரித் தொழிலில் முதல் முறையாக உங்களை ஸ்டீயரிங்கில் உட்கார வைப்பவர் பெரும்பாலும் முதலாளி அல்ல, அந்த வண்டியை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் மூத்த டிரைவர்தான். தனக்குத் தூக்கம் வேண்டும்போது, தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டும்போது, காய்ச்சலில் படுக்கும்போது, "இந்தத் தம்பியை ரெண்டு நாள் போட்டுக்கிறேன் அண்ணே" என்று முதலாளியிடம் சொல்பவர் அவர். மாற்று டிரைவரைத் தேர்ந்தெடுப்பது அவருடைய உரிமையாகவே எங்கள் பக்கத்தில் நடைமுறையில் இருக்கிறது, ஏனென்றால் வண்டிக்கு ஏதாவது ஆனால் முதல் வசவு அவருக்குத்தான். ஆகவே ஆபீஸ் ஆபீஸாக ஏறுவதை விட்டுவிட்டு, டிரைவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

எப்போது போவது என்பது, எங்கே போவது என்பதைவிட முக்கியம். டெல்டாவில் லாரி வேலைக்கு ஒரு பருவம் உண்டு. நாற்றுக்கும் நடவுக்கும் இருப்பதைப் போலவே. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில். சம்பா, தாளடி அறுவடை தை பிறந்ததிலிருந்து மார்ச் வரை. இந்த இரண்டு காலத்திலும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டைகள் மலைபோலச் சேரும். அவற்றைத் திறந்தவெளிச் சேமிப்புக் கிடங்குக்கும், அரவை ஆலைக்கும், சரக்கு ரயில் ஏற்றும் நிலையங்களுக்கும் கொண்டுபோக வண்டி பற்றாது. "லாரி வரவில்லை, நெல் நனைகிறது" என்று ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருவதை நீங்களும் படித்திருப்பீர்கள். 2025 அக்டோபரில் குறுவை நெல் பட்ட பாட்டை நேரிலேயே பார்த்திருப்பீர்கள். 42 வேகன் கொண்ட ஒரு முழுச் சரக்கு ரயிலில் ஏறத்தாழ 2,000 டன் நெல் போகும். பத்து டன் ஏற்றும் ஆறு சக்கர வண்டியில் அதைக் கொண்டுவந்து சேர்க்க 200 நடை வேண்டும், அதுவும் குறித்த நேரத்துக்குள். தஞ்சாவூரிலோ நீடாமங்கலத்திலோ ரேக், அதாவது அந்த முழுச் சரக்கு ரயில், வந்து நிற்கும் நாளில் ஒரு வண்டி இரவு பகலாக ஓடும். ஒரே டிரைவரால் முடியாது. அனுபவம் உண்டா என்று கேட்கும் அதே முதலாளி, அன்றைக்கு "லைசென்ஸ் இருக்குல்ல, ஏறு" என்பார்.

ஆனால் அன்று காலையில் போய் நின்றால் உங்களை யாருக்கும் தெரியாது. பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே முகம் பழகியிருக்க வேண்டும். சம்பா பருவத்துக்கு என்றால் மார்கழி மாதத்திலேயே. அப்போது வேலை மந்தம், வண்டிகள் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, காட்டுவதற்காகப் பட்டறைக்கு வரும். பிரேக் லைனிங் மாற்றுவதும், பாடிக்குப் பெயின்ட் அடிப்பதும், விளக்கு சரிபார்ப்பதுமாக ஒரு வண்டி நாலைந்து நாட்கள் அங்கே நிற்கும்; டிரைவரும் கூடவே இருப்பார்; அவருக்கும் பேச ஆள் வேண்டும். அங்கே ஒரு மாதம் போய் வாருங்கள். கிரீஸ் அடிக்க, சக்கரம் கழற்ற, ஸ்டெப்னி மாட்டக் கைகொடுங்கள். டிரைவிங் ஸ்கூலில் சொல்லித் தராத பாதிப் படிப்பு அங்கேதான் இருக்கிறது. பி.எஸ்.6 வண்டி என்றால் டீசல் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் ஆட்புளூவை, நம் ஆட்கள் யூரியா என்று சொல்வதை, தீரவிட்டால் வண்டி இழுவையை இழந்து ஊர்ந்துதான் போகும் என்பதெல்லாம் நடுவழியில் தெரிந்துகொள்வதைவிடப் பட்டறையில் தெரிந்துகொள்வது நல்லது.

இப்படிப் பழகிய டிரைவர் உங்களை முதல் நாளே ஓட்டவிட மாட்டார். முதலில் இடது பக்க சீட். தார்ப்பாய் போர்த்துவது, கயிறு இழுத்துக் கட்டுவது, மூட்டை எண்ணுவது. பிறகு நெல்லை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி வண்டியை நேரான சாலையில் கொஞ்ச தூரம் கொடுப்பார். அதன்பின் லோடு வண்டி, பகலில். அதன்பின் ரிவர்ஸ். இரவு ஓட்டம் கடைசி. இந்த வரிசையில் அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்ட முயல்பவனை டிரைவர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்தக் கட்டத்தில் கிளீனர் வேலை பார்க்கிறோமே, டிப்ளமோ படித்துவிட்டுக் கயிறு கட்டுகிறோமே என்று கூச்சப்படுபவர்கள் இருக்கிறார்கள். அந்த இரண்டு மாதத்துக்குப் பேட்டா என்ற தினப்படி மட்டும்தான் கிடைக்கும் என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் பதினைந்தாம் நாளே வீட்டார் உங்களை வேறு வேலைக்கு விரட்டுவார்கள்.

டெல்டா சாலை சமதளம், எளிது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மேடு பள்ளம் இல்லை என்பது உண்மை. ஆனால் கொள்முதல் நிலையங்களில் பல ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் இருக்கின்றன, அந்தக் கரைச் சாலை ஒரு வண்டி போகும் அகலம்தான். என் முதல் பருவத்தில், பாமணி ஆற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில், 240 மூட்டை ஏற்றிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு டிராக்டர். அந்த டிராக்டர்காரர் கையைக் காட்டி ஓரம் போகச் சொன்னார். நானும் மரியாதைக்கு இடது பக்கம் ஒடித்தேன். தார் விளிம்பைத் தாண்டிய இடத்தில் அருகம்புல் பச்சைப் பசேலென்று மூடியிருந்தது, கெட்டியான தரை போலத்தான் தெரிந்தது. முன் சக்கரம் தாங்கியது. பின்பக்கத்து இரட்டைச் சக்கரம் ஏறியதும் "பொத்" என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பாடி வாய்க்கால் பக்கம் சாய்ந்து நிற்கிறது, தார்ப்பாய்க் கயிறு ஒரு பக்கம் விறைத்தும் மறுபக்கம் தொளதொளவென்றும் தெரிகிறது. அசையாமல் இறங்கினேன். ஆக்சிலேட்டரை மிதித்து வெளியே எடுக்க முயன்றிருந்தால் வண்டி வாய்க்காலில் புரண்டிருக்கும். ஊரிலிருந்து சுமை தூக்கும் ஆட்கள் வந்து 240 மூட்டையையும் இறக்கி, அதே டிராக்டர் இழுத்து, மறுபடி ஏற்றி முடிக்க விடியற்காலை ஆயிற்று. இறக்கு கூலியும் ஏற்றுக் கூலியும் என் பேட்டாவில் மூன்று வாரம் கழிந்தன.

அன்றைக்கு என்னோடு வந்த மூத்த டிரைவர் திட்டவில்லை. மறுநாள் அதே இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய்க் குதிகாலால் அந்தப் புல்லை மிதித்துக் காட்டினார். குதிகால் பாதி உள்ளே போயிற்று. சம்பா காலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் வண்டல் மண், மேலே காய்ந்தாலும் உள்ளே குழம்பாகத்தான் இருக்கும். அன்று முதல் எதிரே எந்த வண்டி வந்தாலும், யார் ஒலி எழுப்பினாலும், தாரை விட்டு இறங்குவதற்கு முன் நான் இறங்கி நடந்து பார்ப்பேன். முடியாதென்றால் எதிர் வண்டியைப் பின்னால் போகச் சொல்வேன். நெல் ஏற்றிய வண்டிக்குத்தான் வழி, டிராக்டர் பின்னால் போவது எளிது; இதைக் கூச்சப்படாமல் சொல்லப் பழகுங்கள்.

வண்டித் தேர்வைப் பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நெல் பருவத்துக்குள் நுழைய முடியாவிட்டால், குட்டியானை, தோஸ்த், ஐச்சர் போன்ற சிறு வண்டிகளில் ஆறு மாதம் ஓட்டுவதை இழிவாக நினைக்காதீர்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை இலகு ரக உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டதால் அங்கே போட்டி அதிகம். ஆனாலும் ஹெவி உரிமம் உள்ளவருக்கு அந்த முதலாளிகள் முன்னுரிமை தருவார்கள், ஏனென்றால் நாளை பெரிய வண்டி வாங்கும்போது ஆள் தேட வேண்டாம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தேங்காய் லோடு ஆண்டு முழுவதும் உண்டு. சம்பா நடவுக் காலத்தில் சரக்கு ரயிலில் வரும் உரத்தைத் தஞ்சாவூரிலிருந்து கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொண்டுசேர்க்கும் வேலை உண்டு. தூரம் குறைவு, ஊர் தெரிந்தது, மாலையில் வீடு திரும்பலாம். வேதாரண்யத்து உப்பு லோடும் இருக்கிறது. ஆனால் உப்பு வண்டியின் பாடியும் பிரேக் குழாயும் துருப்பிடித்திருக்கும், ஏறுவதற்கு முன் குனிந்து பாருங்கள். அறுவடைக்குப் பின் வைக்கோல் கட்டுகளை மேற்கு மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் ஏற்றும் வண்டிகள் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும், எடை குறைவுதானே என்று தோன்றும். ஆனால் உயரம் அதிகம், காற்றுக்கும் வளைவுக்கும் சாயும், மின்கம்பியில் உரசினால் தீப்பிடிக்கும். முதல் வேலையாக அதை எடுக்க வேண்டாம்.

எடுக்கவே கூடாதவையும் சில உண்டு. அரியலூர் சிமென்ட் ஆலைகளின் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர்களில் ஆள் எப்போதும் தேவை, புதியவரையும் எடுப்பார்கள். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில், நாலாவது நடை முடித்து ஐந்தாவதுக்கு ஓடும் மனம் தானாக வந்துவிடும். ஊருக்குள் போகும் சாலையில் கால் பிரேக்குக்குப் போவதற்குப் பதில் ஹாரனுக்குக் கை போகப் பழகிவிடும்; முதல் ஆண்டில் பழகிய கெட்ட பழக்கம் வாழ்நாள் முழுவதும் போகாது. இரண்டு மூன்று ஆண்டு ஓட்டியபின் போகிறவர்களைத் தடுக்க மாட்டேன்.

மணலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவில் கொள்ளிடத்துப் பக்கம் ஒரே நடைக்கு ஒரு வாரக் கூலி தருகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். அனுமதிச் சீட்டில்லாமல் மணல் அள்ளினால் கனிமச் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை. வண்டி பறிமுதல் ஆகும், முதலாளி வேறு வண்டி வாங்கிக்கொள்வார், சாலையில் பிடிபடுபவர் நீங்கள்தான். ரேஷன் அரிசி கடத்தலும் அப்படியே. ஏற்றும் சரக்கு என்ன, அதற்கான ரசீது எங்கே என்று கேட்பது டிரைவரின் வேலையில் ஒரு பகுதி. அதைக் கேட்டதற்காகக் கோபப்படும் ஆளின் லோடு நமக்கு வேண்டாம்.

எடைக் கணக்கும் அதே வகையைச் சேர்ந்தது. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையும் காலி எடையும் எழுதியிருக்கும். இரண்டையும் கழித்தால் ஏற்றக்கூடிய எடை. 2018-இல் உயர்த்தப்பட்ட வரம்பின்படி ஆறு சக்கர வண்டிக்கு மொத்த எடை 18.5 டன் வரையும், பத்துச் சக்கரத்துக்கு 28.5 டன் வரையும் உண்டு. நெல்லுக்குத் தராசு தேடி அலைய வேண்டியதே இல்லை: 25 மூட்டை ஒரு டன். வண்டிக்கு எத்தனை மூட்டை என்று முதல் நாளே கணக்குப் போட்டு, அதைத் தாண்டி "இன்னும் முப்பதைப் போட்டுக்க" என்பவரிடம் ஆர்.சி.யைக் காட்டுங்கள். அதிக எடைக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். சட்டம் ஓட்டுபவரையும் ஓட்டச் சொன்னவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது, ஆனால் சாலையில் கையெழுத்துப் போடப்போவது ஓட்டுபவர். மூட்டை எண்ணிக்கை எழுதிய சீட்டில் கையெழுத்திடும் முன் நீங்களே அடுக்கை எண்ணிப் பாருங்கள். இறக்கும் இடத்தில் நாலு மூட்டை குறைந்தால் அந்த நாலு மூட்டையைத் தேடி எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஈர நெல் காயக் காய எடை குறையும். அது வேறு பஞ்சாயத்து, அதில் டிரைவர் தலையிட வேண்டியதில்லை, ஆனால் மூட்டை எண்ணிக்கை உங்கள் பொறுப்பு.

சம்பளம் பேசுவதில் புதியவர்கள் தொகையை மட்டும் பேசிவிட்டு வருகிறார்கள். மாதச் சம்பளமா, நடைக் கணக்கா, வாடகையில் பங்கா, பேட்டா தனியா, டீசல் கணக்கில் மைலேஜ் குறைந்தால் யார் தலையில், பஞ்சர், போலீஸ், வழிச்செலவு யாருடையது, லோடு கிடைக்காமல் வெளியூரில் இரண்டு நாள் நின்றால் பேட்டா உண்டா இல்லையா என்பவற்றையெல்லாம் ஏறும் முன் கேட்டுவிடுங்கள். கேட்டால் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம்; கணக்குப் பேசுபவன் கணக்கு ஒப்படைப்பான் என்றுதான் நல்ல முதலாளி நினைப்பார். சம்பளத்தின் ஒரு பகுதியையாவது வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ போடச் சொல்லுங்கள். நாளை "ரெண்டு வருஷம் ஓட்டியிருக்கியா" என்ற கேள்விக்கு, மாதாமாதம் ஒரே முதலாளியிடமிருந்து பணம் வந்த பதிவைவிட நல்ல சான்று இல்லை. கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, வண்டி எண், எங்கிருந்து எங்கே, என்ன லோடு, எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் என்று எழுதி வாருங்கள். என்னிடம் வேலைக்கு வந்தவர்களில் இந்த நோட்டோடு வந்தவர் ஒருவர்தான். ஓட்டச் சொல்லிப் பார்க்காமலேயே எடுத்துக்கொண்டேன்.

அசல் லைசென்ஸை முதலாளியிடம் ஒப்படைக்காதீர்கள். "இங்கேயே இருக்கட்டும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பிறகு வேலையை விட்டு வருவது பெரும்பாடு. நகல் கொடுங்கள், அல்லது அரசின் பரிவாகன் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உரிமத்தில் போக்குவரத்து வாகனப் பிரிவுக்கான காலம் 5 ஆண்டு என்பதையும், அது சொந்த வண்டி ஓட்டும் பிரிவின் தேதிக்கு முன்பே முடிந்துவிடும் என்பதையும் கவனித்து வையுங்கள். இரண்டு தேதியைக் குழப்பிக்கொண்டு, காலாவதியான உரிமத்தோடு ஓட்டி விபத்தில் இன்சூரன்ஸ் சிக்கலாகிப்போன வழக்குகள் உண்டு. பெட்ரோல், கேஸ் டேங்கர் ஓட்ட ஆசையிருந்தால் அபாயகரமான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சியும் உரிமத்தில் அதற்கான பதிவும் தனியே வேண்டும். அது இரண்டாம் ஆண்டுக்கான பேச்சு. இன்னொன்று, தொழிலாளர் துறை அலுவலகத்தில் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள். விபத்து உதவியும் பிள்ளைகளின் கல்வி உதவியும் பதிவு செய்தவருக்கு மட்டும்தான்.

நேரத்தைப் பற்றிச் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று சொல்கிறது. நெல் பருவத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆகவே சட்டத்தைவிடத் தூக்கத்தைக் கணக்கு வையுங்கள்: ரயில் ஏற்றும் இடத்தில் வரிசையில் நிற்கும் மூன்று மணி நேரத்தில், நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடக்கும் அரை மணியில், கைப்பேசியைப் பார்க்காமல் தூங்கும் டிரைவர்தான் பத்தாண்டு கழித்தும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். நானும் கேட்டில் தூங்கியவன்தான். பின்னால் நிற்கும் பஸ்காரர் எழுப்பிவிடுவார், கவலை வேண்டாம்.

ஒரு நெல் பருவமும் அதற்குப் பின் ஆறேழு மாதம் லோக்கல் ஓட்டமும் முடிந்தபின், லைன் வண்டிக்கு, அதாவது நெடுந்தூரத்துக்குப் போக நினைத்தால் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பக்கம் போய்க் கேளுங்கள். தமிழ்நாட்டு லாரித் தொழிலின் தலைநகரம் அது, வடக்கே போகும் வண்டிகளுக்குச் செகண்ட் டிரைவர் அங்கே எப்போதும் வேண்டும். அசோக் லேலண்ட் நடத்தும் ஓட்டுநர் பயிற்சி மையமும் நாமக்கல்லில் இருக்கிறது. அங்கே ஒரு குறுகிய பயிற்சி எடுத்துக்கொண்டு போனால் டெல்டாக்காரனுக்கு உள்ள குறை ஒன்று தீரும். நம் ஊரில் இறக்கம் என்றால் பாலத்து இறக்கம்தான். லோடு வண்டியை மலை இறக்கத்தில் கியரில் பிடித்து இறக்குவதும், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறிப் பிடிக்காமல் போவதும் நமக்குச் செவிவழிச் செய்தி. தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்துகளைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். முதன்முதலில் அதில் இறங்கும்போது பக்கத்தில் பழகிய டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், தனியாக வேண்டாம். அங்கே போகும்போது, சரக்கோடு போகும் இ-வே பில் என்ற இணையவழிச் சீட்டு எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை நாள் செல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வண்டி பழுதாகி நின்றால் காலம் முடிவதற்குள் ஆபீசுக்குப் போன் போட்டு நீட்டிக்கச் சொல்ல வேண்டும்.

அரபு நாட்டுக்கோ சிங்கப்பூருக்கோ டிரைவராகப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போகலாம், இப்போது வேண்டாம். ஓட்டிய அனுபவம் இல்லாமல் அங்கே போகிறவரை உதவியாளாகத்தான் இறக்குகிறார்கள்.

இன்று புரட்டாசி முதல் வாரம். குறுவை நெல் வரத் தொடங்கிவிட்டது. இந்தப் பருவத்துக்கு நீங்கள் கொஞ்சம் தாமதம்தான், இருந்தாலும் ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கொள்முதல் நிலையத்தில் எந்த வண்டிகள் வந்து போகின்றன என்று நாலைந்து நாட்கள் போய்ப் பாருங்கள். ஒரே முகம் திரும்பத் திரும்ப வரும். தார்ப்பாயைத் தனியாக இழுத்துக்கொண்டிருக்கும் டிரைவர் ஒருவர் நிச்சயம் இருப்பார், மறுமுனையைப் பிடியுங்கள். லைசென்ஸ் இருக்கிறது என்பதை அவர் கேட்கும்வரை சொல்ல வேண்டாம்.